ஏக்கருக்கு எத்தனை மூட்டை? விழுப்புரம் மண்ணில் மக்காச்சோள ஒட்டு ரகங்களை எடைபோடுதல்

ஆடி பிறக்கப் போகிறது என்றாலே திண்டிவனம், விழுப்புரம் விதைக் கடைகளில் ஒரே கேள்விதான்: "எந்த விதை போட்டால் ஏக்கருக்கு எத்தனை மூட்டை வரும்?" பயனீர், டெகால்ப், சின்ஜென்டா, ராசி, காவேரி என்று நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு ரகங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ வரிசை ஒட்டு ரகங்கள் தனி. கேள்வி நியாயமானது. கடன் வாங்கி விதை வாங்குகிறவர் வேறு எதைக் கேட்பார்? ஆனால் அதற்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. ஒரு ரகத்தின் விளைச்சல் விதைக்குள் பாதியும் பட்டத்துக்குள் பாதியுமாக இருக்கிறது. விழுப்புரம் போலக் கடலோரப் புயலும் மானாவாரிச் செம்மண்ணும் கிணற்றுப் பாசனமும் கலந்து கிடக்கும் மாவட்டத்தில், முதலிடம் பிடித்த ரகத்தைத் தேடுவதைவிட, மோசமான ஆண்டிலும் கைவிடாத ரகத்தைத் தேடுவதே அறிவு என்பது என் உறுதியான கருத்து. ரகங்களை எப்படி ஒப்பிடுகிறார்கள், அந்த ஒப்பீடு எங்கே நமக்கு உதவுகிறது, எங்கே வழிதவற வைக்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் இன்று சுமார் 4 லட்சம் ஹெக்டேரில் விளைகிறது. ஹெக்டேர் சராசரியில் நாட்டின் சராசரியைவிட நாம் வெகு தூரம் முன்னே நிற்கிறோம். பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், தூத்துக்குடிப் பக்கங்கள்தான் இதன் பெருநிலங்கள். பழைய விழுப்புரம் மாவட்டத்தில் மக்காச்சோளம் அடர்ந்திருந்த சின்னசேலம், தியாகதுருகம் பகுதிகள் 2019இல் கள்ளக்குறிச்சியோடு போய்விட்டன. இப்போதைய விழுப்புரத்தில் நெல், கரும்பு, நிலக்கடலை, உளுந்து, சவுக்கு ஆகியவற்றுக்கு நடுவேதான் மக்காச்சோளம் இடம் தேடுகிறது. இடம் கிடைக்கவும் செய்கிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். எத்தனால் ஆலைகளும் வாங்கத் தொடங்கிய பிறகு தேவை இன்னும் கூடியிருக்கிறது. 2023–24இல் குவிண்டாலுக்கு 2,090 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2025–26இல் 2,400 ரூபாய் ஆகியிருக்கிறது. கரும்பைவிடத் தண்ணீரும் நிலக்கடலையைவிட ஆள்கூலியும் குறைவு. இந்தப் பயிர் இங்கே இன்னும் பரவும். எந்த ரகம் என்ற கேள்வியை இப்போதே ஒழுங்காகக் கேட்டுக்கொள்வது அதனால் அவசியம்.

ஒட்டு மக்காச்சோளத்தின் வரலாறு நீண்டது. இங்கே தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். மக்காச்சோளத்தைத் தன் மகரந்தத்தாலேயே பல தலைமுறை கருவுறச் செய்தால் செடி சூம்பிப்போகும். அப்படிச் சூம்பிய இரண்டு வெவ்வேறு வழிகளை ஒட்டினால் பிள்ளைச் செடி பெற்றோர் இருவரையும் மீறி வளரும். இதை 1908இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஷல் எடுத்துக்காட்டினார். சூம்பிய தாய்ச்செடியில் விதை மிகக் குறைவாகவே கிடைத்ததால், டொனால்ட் ஜோன்ஸ் நான்கு வழிகளைச் சேர்த்து இரட்டை ஒட்டு முறையைக் கொண்டுவந்தார். இந்தியாவில் 1957இல் அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1961இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்ற இரட்டை ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. இரண்டே பெற்றோரைக் கொண்ட ஒற்றை ஒட்டு இங்கே வேரூன்ற இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பராஸ் 1995இல் வந்தது. இன்று கடையில் விற்பவை பெரும்பாலும் ஒற்றை ஒட்டுகள். கோயம்புத்தூரில் உருவாகி 2012இல் வெளியான கோ 6 ரகமும் அப்படித்தான். அதன் பெற்றோர் யு.எம்.ஐ. 1200, யு.எம்.ஐ. 1230 என்ற இரண்டு தன்வழிகள்.

ஒற்றை ஒட்டு வயல் முழுக்க ஒரே உயரம், ஒரே நாளில் பூ, ஒரே அளவில் கதிர் என்று நிற்கும். அறுவடைக்கு அது வசதி. ஆபத்தும் அங்கேதான். பூக்கும் வாரத்தில் ஒரு வெப்ப அலை வந்தால் வயலில் ஒரு செடி தப்பி இன்னொன்று மாட்டுவது என்பதில்லை. எல்லாமே ஒன்றாக மாட்டும். 1970இல் அமெரிக்காவின் ஒட்டு மக்காச்சோளத்தில் பெரும்பகுதி ஒரே வகைத் தாய்ச் சைட்டோபிளாசத்தைக் கொண்டிருந்ததால், ஓர் இலைக்கருகல் பூசணம் அந்நாட்டு விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதத்தை அடித்துக்கொண்டு போனது. ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே ரகத்தை விதைக்கத் துடிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

ரகங்களை ஒப்பிடும் வழி எளிமையானது போலத் தோன்றும். ஒரே நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு ரகமும் மூன்று நான்கு முறை வெவ்வேறு இடத்தில் விழும்படி குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள். மேட்டு மண், பள்ளத்து மண், வரப்போர நிழல் எல்லாம் எல்லா ரகத்துக்கும் சமமாகப் பங்காக வேண்டும் என்பதற்காக இது. ஏற்கெனவே பேர்பெற்ற ஒரு ரகத்தை அளவுகோலாகக் கூடவே விதைக்கிறார்கள். 900 எம், என்.கே. 6240 போன்றவை பல ஆய்வுகளில் இப்படி அளவுகோலாக நின்றிருக்கின்றன. பாத்தியின் ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடு வரிசைகளின் கதிரை மட்டும் எடைபோட வேண்டும். இல்லாவிட்டால் உயரமான ரகம் பக்கத்துக் குட்டை ரகத்துக்கு நிழல் கொடுத்து, அதன் வெயிலைத் தான் குடித்து, பொய்யான வெற்றி பெறும். அகில இந்தியத் திட்டத்தில் ஒரு ரகம் மூன்று ஆண்டு சோதனையைத் தாண்டினால்தான் வெளியீட்டுக்கு வரும். தமிழ்நாடு தீபகற்ப மண்டலத்தில் சேர்கிறது. மாநில அளவில் கோயம்புத்தூரிலும் திண்டுக்கல் மாவட்டம் வாகரையிலுள்ள மக்காச்சோள ஆராய்ச்சி நிலையத்திலும் உருவாகும் ரகங்கள் பல இடச் சோதனைக்கும் பிறகு உழவர் வயல் சோதனைக்கும் போகின்றன.

முடிவுப் பட்டியலில் முதல் ரகம் இரண்டாம் ரகத்தைவிட 200 கிலோ கூடுதல் என்று இருக்கும். அடியில் சிறிய எழுத்தில் 'தீர்க்கமான வேறுபாடு' 450 கிலோ என்று போட்டிருந்தால், அந்த 200 கிலோ வெறும் மண் வேறுபாட்டாலும் வந்திருக்கலாம் என்று பொருள். இரண்டு ரகமும் ஒன்றே என்றுதான் அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும். விளம்பரத் துண்டறிக்கையில் அந்த அடிக்குறிப்பு வருவதில்லை. என்னைக் கேட்டால், ரக ஒப்பீட்டில் உழவருக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடமே இந்த ஒரு வரிதான்.

அடுத்தது ஈரம். நீண்ட வயது ரகமும் குறுகிய வயது ரகமும் ஒரே நாளில் அறுக்கப்பட்டால், பிந்திய ரகத்தின் மணியில் தண்ணீர் கூடுதல். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 25 சதவீத ஈரத்தில் ஒரு ரகம் ஏக்கருக்கு 40 குவிண்டால் எடை காட்டுகிறது. இன்னொன்று 18 சதவீத ஈரத்தில் 38 குவிண்டால். முதல் ரகம் வென்றது போலத் தெரியும். இரண்டையும் 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் முதலாவது 34.9, இரண்டாவது 36.2. வரிசையே தலைகீழாகிறது. வயல் விழா நாளில் கதிரை உரித்துத் தராசில் வைத்து உரக்க அறிவிக்கும் எடைகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம். விற்பனைக்கூடத்தில் ஈரமானியைச் செருகிப் பார்க்கிற வியாபாரி இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருக்கிறார். விதை தேர்ந்தெடுக்கும் உழவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

விளைச்சல் என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் நான்கு உறுப்புகள் இருக்கின்றன: நிலத்தில் நிற்கும் கதிர்கள், ஒரு கதிரில் மணி வரிசைகள், ஒரு வரிசையில் மணிகள், ஒரு மணியின் எடை. ஒட்டு ரகத்துக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளி 60க்கு 25 சென்டிமீட்டர். அதன்படி ஏக்கருக்குச் சுமார் 27,000 செடிகள். செடிக்கு ஒரு கதிர், கதிருக்கு 14 வரிசை, வரிசைக்கு 32 மணி, 100 மணி 30 கிராம் என்று வைத்தால், மூட்டைக்கு 100 கிலோ கணக்கில், ஏக்கருக்கு 36 மூட்டை. மணி எடை 28 கிராமாக உள்ள ரகம் என்றால் 34 மூட்டை; ரக வேறுபாட்டால் இரண்டு மூட்டை போகிறது. அதே முதல் ரகத்தில் முளைப்புக் குறைவாலோ புழுவாலோ பார் பிடித்தபோது தவறியதாலோ 20,000 செடிதான் நிற்கிறது என்றால் 27 மூட்டை. ஒன்பது மூட்டை போய்விட்டது. செடி கலைந்தால் மீதிச் செடியின் கதிர் சற்றுப் பருக்கும், இழப்பில் ஒரு பங்கு திரும்பும் என்பது உண்மை. அப்படியும் ரகத்தைத் தேடி அலைந்து மிச்சப்படுத்தியதைவிட இடைவெளியில் விட்டது அதிகமாகவே இருக்கும்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் அயோவாவில் டொனால்ட் டுவிக் செய்த ஆய்வைச் சொல்லாமல் விட முடியாது. 1930கள் தொடங்கி ஒவ்வொரு பத்தாண்டிலும் பேர்பெற்ற ஒட்டு ரகங்களை ஒரே வயலில் பக்கம் பக்கமாக விதைத்து, ஹெக்டேருக்கு 10,000 செடி முதல் 79,000 செடி வரை நெருக்கத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். கலைத்து நட்டபோது பழைய ரகச் செடிக்கும் புதிய ரகச் செடிக்கும் விளைச்சலில் பெரிய வேறுபாடு இல்லை. நெருக்கி நட்டபோதுதான் புதியவை முந்தின. நெருக்கத்தில் பழைய ரகங்கள் சாய்ந்தன, கதிரில்லாமல் மலடாயின. புதியவை தாங்கி நின்றன. எழுபது ஆண்டு ஒட்டு ஆராய்ச்சி சேர்த்துத் தந்த செல்வம் முக்கியமாக இந்தத் தாங்கும் குணம்தான். புதிய ஒட்டு விதைக்கு விலை கொடுத்துவிட்டுக் கலைத்து நடுகிறவர், அந்த விதையின் நல்ல பகுதியை வாங்காமலே காசு கொடுக்கிறார்.

வளர்ச்சி அளவுகளில் உயரத்தைத்தான் எல்லோரும் வியந்து பார்க்கிறார்கள். உயரம், இலைப்பரப்பு, உலர்எடை எல்லாம் பட்டியலில் வரும். இலைப்பரப்பும் உலர்எடையும் மணியோடு ஓரளவு சேர்ந்தே போகும். உயரம் அப்படியல்ல. புயல் வரும் மாவட்டத்தில் கதிர் தண்டின் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்பது மொத்த உயரத்தைவிட முக்கியம். மேலே பிடித்தால் காற்றுக்குச் செடி எளிதில் சாயும். இன்னொரு அளவு, நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது: கொண்டைப்பூ மகரந்தம் உதிர்க்கும் நாளுக்கும் கதிரில் பட்டுநூல் வெளிவரும் நாளுக்கும் உள்ள இடைவெளி. வறட்சியில் பட்டுநூல் தாமதிக்கும், மகரந்தம் காற்றோடு போய்விடும், கதிர் பொக்கையாகும். மெக்சிகோவிலுள்ள சிமிட் நிறுவனத்தில் பொலானோஸும் எட்மீட்ஸும் ஒரே மக்காச்சோளக் கூட்டத்தை வறட்சியில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து, இந்த இடைவெளி குறையக் குறைய வறட்சி விளைச்சல் ஏறுவதைக் காட்டினார்கள். இதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். பத்து நாள் காலையில் வயலுக்குப் போய்ச் செடியை எண்ணினால் போதும்.

இனி விழுப்புரத்தின் பட்டங்களுக்கு வருவோம். எந்தக் குணத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இங்கே பட்டம்தான் தீர்மானிக்கிறது.

ஆடிப்பட்டத்தில் விதைத்தால் புரட்டாசி முதல் பாதிக்குள் பூ வரும். ஐப்பசி, கார்த்திகையில் அறுவடை. வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரத்தில் கதிர் முற்றி நிற்கும். கதிர் உறை நுனிவரை இறுக்கமாக மூடியிருக்கும் ரகமா, நுனி திறந்து மழைநீர் இறங்கும் ரகமா என்பதுதான் அப்போது மூட்டைக் கணக்கு. திறந்த கதிரில் மணி முளைக்கும், பூசணம் பிடிக்கும். பூசண நச்சு ஏறிய மணியைக் கோழித் தீவனக்காரர் கழித்துவிடுவார். 110 நாள் ரகத்தைவிட 95 நாள் ரகம் இரண்டு வாரம் முன்னே களத்துக்கு வந்துவிட்டால், நான்கு மூட்டை குறைந்தாலும் முழுதாக வீடு சேரும். நாள் கணக்கில் பார்த்தாலும் 95 நாளில் 32 மூட்டை என்பது 110 நாளில் 36 மூட்டைக்குக் குறைந்ததல்ல. பின்னால் உளுந்து விதைக்க நிலமும் காலியாகும்.

புரட்டாசிப்பட்டம் வேறு கதை. முழங்கால் உயரச் செடிக்கு ஐப்பசி மழையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சடைத்து இலை மஞ்சளாகும். பிறகு புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. புரட்டாசி முதல் வாரத்தில் விதைத்த பயிருக்கு அப்போது ஏறக்குறைய 70 நாள். பூ முடிந்து பால் பிடிக்கும் பருவம். கடைசி வாரத்தில் விதைத்ததற்கு 45 நாள். பூக்கும் முன் சாய்ந்த செடி தண்டை வளைத்து ஓரளவு நிமிரும். பூத்த பின் சாய்ந்தது எழாது. இந்தப் பட்டத்துக்கு ரகம் தேர்கிறவர் தண்டின் உறுதி, வேர்ப்பிடிப்பு, தண்டழுகலைத் தாங்கும் திறன் ஆகியவற்றை முதலில் கேட்க வேண்டும். குளிர்ந்த ஈரத்தில் வரும் அடிச்சாம்பல் நோய்க்கும் இதுவே நேரம். தமிழ்நாட்டில் இந்நோய் பழைய எதிரி என்பதால் கோயம்புத்தூர் ரகங்கள் அதற்கு எதிராகவே சலித்தெடுக்கப்படுகின்றன. இது அவற்றின் உண்மையான பலம்.

தைப்பட்டம் கிணற்றை நம்பியது. மழைத் தொல்லை இல்லை, வெயில் நிறைய, உரத்தைப் பயிர் முழுதாகத் தின்னும். நெருக்கி நட்டுப் பெரும் விளைச்சல் எடுக்க இதுவே ஏற்ற காலம். பிந்தி விதைத்தால் பங்குனி, சித்திரை வெயிலில் மகரந்தம் சுருளும். நீண்ட வயது ரகங்கள் தங்கள் பெயரைக் காப்பாற்றுவது இந்தப் பட்டத்தில், தை முதல் வாரத்தில் விதைத்து, பூக்கும் பதினைந்து நாளும் தண்ணீர் தவறாமல் கொடுத்தால். ஆராய்ச்சி நிலையச் சோதனைகளில் பெரும்பாலும் இப்படிப்பட்ட செழிப்புதான் நிலவும்: இறவை, ஹெக்டேருக்கு 250:75:75 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து, களையில்லாத பாத்தி. அங்கே முதலிடம் பெற்ற ரகம், பாதி உரத்தில் மானாவாரியில் நான்காம் இடத்துக்கு இறங்கலாம்.

இந்த இறக்கத்தை அளக்க வழியிருக்கிறது. 1966இல் எபர்ஹார்ட், ரஸ்ஸல் என்ற இருவர் மக்காச்சோளத்தை வைத்தே அதைச் சொன்னார்கள். பல இடங்களில் பல ரகங்களை விதைத்து, ஒவ்வோர் இடத்தின் சராசரியையும் அந்த இடத்தின் வளத்துக்கு அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். வளம் கூடும்போது ஒரு ரகம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்று பார்க்கிறார்கள். செங்குத்தாக ஏறும் ரகம் வளமான வயலுக்கு. சராசரி நன்றாக இருந்து, ஆட்டம் இல்லாத ரகம் விழுப்புரத்து மானாவாரிக்கு.

படைப்புழுவையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்ட இந்தப் புழு அதே பருவத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மக்காச்சோள உழவர்களுக்கு அரசு சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குத் தின்றது. அதை எதிர்த்து நிற்கும் ரகம் என்று கடையில் எதுவும் இல்லை. கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்கு, விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, குருத்துக்குள் படும்படி முதல் 20 நாளில் மருந்து என்ற ஒழுங்குதான் காக்கிறது. ஊரே ஒரு வாரத்துக்குள் விதைத்து முடித்தால் சேதம் குறையும். ரகச் சோதனையில் புழுவைக் கட்டுப்படுத்தும் திறமை பாத்திக்குப் பாத்தி மாறினால், அந்தப் பட்டியல் ரகங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தட்டையின் மதிப்பு இந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. வீட்டுக்கு இரண்டு மாடு வைத்திருக்கும் ஊர்களில் கதிர் காய்ந்த பிறகும் பச்சை மாறாத தண்டு என்பது ஒரு மாதத் தீவனம். மணியில் ஒரு மூட்டை குறைந்தாலும் பச்சை நிலைக்கும் ரகம் அந்தக் குடும்பத்துக்குக் கூடுதல் வருமானம் தரும்.

ரகங்களை ஒப்பிடும் வேலையில் திண்டிவனத்துக்கு ஒரு தனித் தகுதி உண்டு. அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 நிலக்கடலை, எத்தனையோ உயர்விளைச்சல் ரகங்கள் வந்து போன பிறகும் ஆந்திர, கர்நாடக மானாவாரிகளில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. சோதனைப் பட்டியலில் அதைவிட அதிகம் விளைந்தவை பல. உழவர் அதை விடாததற்குக் காரணம், மழை தவறிய ஆண்டிலும் அது கொஞ்சம் கொடுத்தது. அந்த நிலக்கடலை விதையை வீட்டில் எடுத்து வைக்க முடிந்தது. ஒட்டு மக்காச்சோளத்தில் அது முடியாது. அறுத்த மணியை மறுபடி விதைத்தால் வீரியம் உடைந்து விளைச்சல் கணிசமாகக் குறையும். ஆண்டுதோறும் விதை வாங்கியே ஆக வேண்டிய பயிரில், தவறான தேர்வின் விலையும் ஆண்டுதோறும் உழவர் தலையில் விழும். நடுநிலையான ஒப்பீடு அரசின் கடமையாவது இதனால்தான்.

2025–26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் மக்காச்சோளத்துக்கென 1.87 லட்சம் ஏக்கருக்கு 40 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது. அப்படிப்பட்ட பணத்தில் மிகச் சிறு பங்கு போதும், திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தின் வழியாக ஓர் ஒப்பீட்டை ஆண்டுதோறும் நடத்த. மயிலம், வானூர், மரக்காணம், விக்கிரவாண்டி, செஞ்சி என்று மண் மாறும் ஐந்து ஒன்றியங்களில், மூன்று பட்டத்திலும், கடையில் உண்மையில் விற்கும் ரகங்களையும் கோ ரகங்களையும் ஒன்றாக விதைக்க வேண்டும். ஒரு பாதி பரிந்துரைத்த உரத்தில், மறுபாதி ஊரில் வழக்கமாக இடும் உரத்தில். அறுவடையில் எண்ணிய செடி, சாய்ந்த செடி, கொண்டைக்கும் பட்டுநூலுக்கும் நடுவே உள்ள நாள், கதிர் மூடல், தட்டை எடை, 14 சதவீத ஈரத்துக்குத் திருத்திய மணி எடை, இவற்றோடு அந்த ரகம் எல்லா இடங்களிலும் கொடுத்த மிகக் குறைந்த விளைச்சல் ஆகியவை பட்டியலில் வர வேண்டும். மூன்றாண்டு சராசரியோடு அந்தப் பட்டியல், ஆனி பத்தாம் தேதிக்குள், விதை மூட்டை கடையில் அடுக்கப்படும் முன்பே, தமிழில் அச்சாகி விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் வாசலில் ஒட்டப்பட வேண்டும்.